ஓர் ஊசலும் ஒரு போனும்: பியாஜேயா, பேப்பர்ட்டா, வைகாட்ஸ்கியா?

கைபேசி வழிக் கற்றல் என்று பேச்செடுத்தாலே கட்டமைப்புவாதம் என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டு வரும். அறிவை ஒருவர் இன்னொருவருக்கு ஊற்றித் தர முடியாது, கற்பவரே கட்டிக்கொள்ள வேண்டும் என்கிற கோட்பாடு. ஆனால் அந்த ஒரே கூரைக்குள் சுவிஸ் உளவியலாளர் பியாஜே, கணிதமும் கணினியும் அறிந்த பேப்பர்ட், சோவியத் உளவியலாளர் வைகாட்ஸ்கி என்று மூன்று பேர் மூன்று விதமாகப் பேசுகிறார்கள். பிள்ளையின் கையில் போனைக் கொடுத்ததும் அந்த வேறுபாடு பளிச்சென்று தெரிந்துவிடும்.

ஒரே பாடத்தில் உரசிப் பார்க்கலாம். ஊசல் ஒருமுறை போய்வர ஆகும் நேரத்தை எது முடிவு செய்கிறது? நூலின் நீளமா, குண்டின் எடையா, எவ்வளவு உயரத்திலிருந்து விடுகிறோம் என்பதா, தள்ளும் வேகமா? பியாஜேயும் அவருடைய சக ஆய்வாளர் பெர்பெல் இன்ஹெல்டரும் 1955இல் வெளியிட்ட நூலில் பிள்ளைகள் முன் வைத்த அதே புதிர்தான்.

மூவரிடமும் போகும் முன், கடைகளில் அதிகம் கிடைக்கும் வினாடி வினா செயலியைப் பார்த்துவிடுவோம். நான்கு விடைகள், சரியாகத் தொட்டால் பச்சை, கூடவே ஒரு நட்சத்திரம். 1950களில் அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் செய்த கற்பிக்கும் எந்திரத்தின் பேரப்பிள்ளை இது. சூத்திரமும் அலகும் மனதில் நிற்க நல்ல கருவிதான், ஏளனம் செய்ய மாட்டேன். ஆனால் 'நீளம்' என்று சரியாகத் தொட்ட பிள்ளை, கனமான குண்டு வேகமாக ஆடும் என்று உள்ளுக்குள் நம்பிக்கொண்டே இருக்கலாம். பச்சை நிறம் அந்த நம்பிக்கையைத் தொடுவதே இல்லை.

பியாஜே குறிவைப்பது அந்த நம்பிக்கையைத்தான். போனை ஒரு பையில் போட்டு, நூலில் கட்டி, அதையே ஊசலாக ஆட்டுங்கள். ஆஹன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஃபைஃபாக்ஸ் போன்ற செயலி, போனுக்குள் இருக்கும் உணரிகளை வைத்தே அலைவு நேரத்தைச் சொல்லிவிடும். நூல் 25 செ.மீ. என்றால் ஏறக்குறைய 1 விநாடி, 1 மீட்டர் என்றால் ஏறக்குறைய 2 விநாடி. போனைச் சுற்றிச் சில்லறையை நிரப்பினாலும் எண் அசைவதில்லை. பழைய எண்ணத்துக்குள் இது அடங்காது, ஆகவே எண்ணம்தான் மாறியாக வேண்டும். ஒரு நிபந்தனை உண்டு: தொடக்கப் பொத்தானை அழுத்தும் முன் பிள்ளை தன் கணிப்பை எழுதி வைத்திருக்க வேண்டும். எழுதாவிட்டால் வரைபடத்தைப் பார்த்து, 'ஓ, அப்படியா' என்று நகர்ந்துவிடும். திரைக்குள்ளேயே ஆடும் பாவனை ஊசல்கள் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. 'அதுல அப்படி எழுதி வச்சிருக்காங்க' என்று பிள்ளை சொன்னால் நம்மிடம் பதில் கிடையாது. தானே கட்டிய நூலிடம் அந்தச் சாக்கு செல்லாது.

பேப்பர்ட் பியாஜேயிடம் ஜெனீவாவில் சில ஆண்டுகள் பணியாற்றியவர், பிறகு 1967இல் பிள்ளைகளுக்கான லோகோ என்ற நிரல் மொழியை உருவாக்கியவர்களில் ஒருவர். பிறருக்குக் காட்டத்தக்க ஒரு பொருளைச் செய்யும்போதுதான் அறிவு நன்றாகக் கட்டப்படும் என்பது அவர் கட்சி. அவர் வழியில் பிள்ளை ஊசலை நிரலாக எழுதும். காற்றின் தடையை எழுத மறந்தால் திரையில் அது நிற்கவே நிற்காது, அங்கிருந்து ஓர் அருமையான பாடம் தொடங்கும். ஆனால் உள்ளங்கை அகலத் திரையில் நிரல் எழுதுவது பெரும்பாடு. வேடிக்கை என்னவென்றால், கணினி அறிஞர் ஆலன் கே 1972இல் பிள்ளைகளுக்கென்று முன்வைத்த டைனாபுக் என்ற கையடக்கக் கணினியின் பின்னால் இருந்ததே பேப்பர்ட்டின் தாக்கம்தான். இன்று கையில் இருப்பதோ பெரும்பாலும் பார்க்கும் கருவி.

போனுக்கு மிகவும் பொருந்துபவர் வைகாட்ஸ்கி என்பேன். பியாஜே பிறந்த அதே 1896இல் பிறந்து, 37 வயதில் மறைந்தவர். தனியாக முடியாததைத் துணையோடு செய்யக்கூடிய அந்த இடைவெளியில்தான் கற்றல் நடக்கிறது என்றார். ஐந்து பிள்ளைகள் ஐந்து இடங்களில், ஐந்து நீளங்களில் அளந்து ஒரே அட்டவணையில் போடட்டும். ஒருவருடைய எண் மட்டும் ஒட்டாமல் நிற்கும். ஏன்? வாக்குவாதம் கிளம்பும். கடைசியில் அவர் நூலைப் பையின் வாய் வரைதான் அளந்திருக்கிறார், போனின் நடு வரை அளக்கவில்லை என்று தெரியும். எந்தச் செயலியும் தராத பாடம் அந்தச் சண்டையில் இருக்கிறது. ஒருவர் அளக்க நால்வர் நகலெடுக்கும் ஆபத்தும் உண்டுதான். அப்புறம், உரையாடும் செயற்கை நுண்ணறிவுச் செயலியைத் துணையாக வைக்கலாமா? துணை என்பது வீடு கட்டும்போது முட்டுக்கொடுத்துப் பிறகு கழற்றிவிடும் சாரம் போல இருக்க வேண்டும்; கேட்டவுடன் முழு விடையையும் தந்துவிட்டால் அது சாரமே அல்ல, யாரோ கட்டி முடித்த வீடு.

மூவருக்கும் சேர்த்து ஓர் எதிர்ப்பு இருக்கிறது. வழிகாட்டல் குறைவாக இருந்தால் புதிதாகக் கற்பவரின் நினைவாற்றல் திணறும் என்று கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற கல்வி ஆய்வாளர்கள் 2006இல் வாதிட்டார்கள். எனக்கு அதில் பாதி உடன்பாடு. எதை மாற்றுவது, எதை மாற்றாமல் வைப்பது என்று சொல்லாமல் ஊசலைக் கொடுத்தால், பிள்ளை நீளத்தையும் எடையையும் ஒன்றாக மாற்றிக் குழம்பும். அதை ஆசிரியர் சொல்லிவிடலாம். கணிப்பை மட்டும் பிள்ளையே எழுதட்டும்.

ஒரே ஒரு வகுப்பு நேரம்தான் இருக்கிறதென்றால் கணிப்பு, அளவு, பொது அட்டவணை என்று வைகாட்ஸ்கியோடும் பியாஜேயோடும் நிறுத்திக்கொள்வேன். பேப்பர்ட்டுக்குப் பெரிய திரையும் சில வாரங்களும் வேண்டும். எந்த வழியானாலும் ஊசலுக்கு அடியில் ஒரு தலையணையைப் போட்டுவிடுங்கள், நூல் அறுந்தால் விழப்போவது போன்.