கண்ணகியா, ஆழ்வார்க்கடியானா? மாறுவேடப் போட்டிக்கு வீட்லயே செய்ய எது பெஸ்ட்

என் சாய்ஸ் கண்ணகி தான். பழைய காட்டன் புடவை, விரிச்சு விட்ட தலை, கையில ஒத்த சிலம்பு, அவ்ளோதான், ஆனா நிறைய பேர் ரெண்டு கால்லயும் கொலுசு மாட்டி விட்டுடறாங்க, அது கதையையே கெடுத்துடும், தனிச்சிலம்போட தானே அவ பாண்டியன் சபைக்கு போறா! அட்டைய வளையமா சுருட்டி கோல்டு பேப்பர் ஒட்டுங்க, உள்ள சிவப்பு மணி போடுங்க, அவ சிலம்புல இருந்தது மாணிக்கப் பரல், ஆட்டினா சத்தமும் வரும்.

பொன்னியின் செல்வன் ஆழ்வார்க்கடியானுக்கு வேட்டி, குறுந்தடி, உடம்பெல்லாம் சந்தனம். செலவு கம்மி, ஆனா வேர்த்தா சந்தனம் வழியும், முன்குடுமிக்கு கறுப்பு நூல் வேற தேடணும். வாயாடி பையனா இருந்தா மட்டும் இதுக்கே போங்க, சைவரோட வாதம் பண்ற சீன் ஒண்ணு போதும், மேடை கலகலன்னு ஆயிடும்.