ஆச்சியின் அதிரசமும் மூன்று வருட எடிட்டிங்கும்

ஆச்சி அதிரசம் சுடுவதைக் கைபேசியில் நாற்பது நிமிடம் பிடித்து வைத்திருந்தேன். அதை வெட்டிச் சேர்க்கத்தான் மூன்று வருடத்துக்கு முன்னால் வீடியோ எடிட்டிங் பக்கம் வந்தேன். என்னுடையது பழைய மடிக்கணினி. 8 ஜிபி ராம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. இப்படி ஒரு மெஷினில் வீட்டு வீடியோ செய்ய நினைப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கிளிப்சாம்ப். விண்டோஸ் 11-உடனேயே வரும் எடிட்டிங் மென்பொருள். பிறந்தநாள் வீடியோ மாதிரி ஐந்து நிமிடச் சமாச்சாரத்துக்கு அது போதும். 1080பி வரை இலவசமாகவே, வாட்டர்மார்க் இல்லாமல் எடுக்கலாம்.

அப்புறம் எல்லோரும் சொன்ன டாவின்சி ரிசால்வ். நிறம் திருத்த இலவசப் பதிப்பிலேயே அத்தனை வசதி இருக்கிறது. ட்யூப்லைட் வெளிச்சத்தில் பச்சை பாய்ந்திருந்த ஆச்சியின் முகத்தை, நண்பன் வீட்டுக் கணினியில் வைத்து அதில்தான் சரிசெய்தேன். பழைய முகம் திரும்பி வந்ததும் அம்மா திரையைத் தொட்டுப் பார்த்தாள். ஆனால் ரிசால்வுக்கு நல்ல கிராபிக்ஸ் கார்டு வேண்டும். என் மெஷின் அதற்கானது இல்லை.

இடையில் வேறொரு மென்பொருளில் இரண்டு வாரம் உட்கார்ந்து வேலை பார்த்தேன். 'கொதி' என்று தலைப்பு அடித்தால் கொம்பும் காலும் தனித்தனியாகப் போய் நின்றன. அதைவிட மோசம், போகப் போகக் குரல் முந்தியது. பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்து, "இதான் பதம்" என்கிறாள் ஆச்சி. குரல் வரும்போது கை இன்னும் கரண்டியில்தான் இருக்கிறது. பதம் தெரியாவிட்டால் அந்த வீடியோ எதற்கு?

காரணம் பிறகுதான் புரிந்தது. பல கைபேசிகள் நொடிக்கு இத்தனை ஃபிரேம் என்று ஒரே சீராகப் பதிவதில்லை. வெளிச்சத்தைப் பொறுத்துக் கூடும், குறையும். ஷாட்கட் என்ற இன்னொரு எடிட்டிங் மென்பொருள் இதைக் கண்டுபிடித்து, எடிட் செய்யத் தோதான வடிவத்துக்கு மாற்றட்டுமா என்று கேட்கிறது. மாற்றினால் ஃபைல் பெரிதாகும், டிஸ்க்கில் இடம் வேண்டும். ஆனால் கையும் குரலும் சேர்ந்துவிட்டன. அன்றிலிருந்து ஷாட்கட்தான். முழுக்க இலவசம், ஓப்பன் சோர்ஸ்.

வெட்டுவதற்கு எஸ், வெட்டியதை எடுத்து இடைவெளியை மூடுவதற்கு எக்ஸ். இரண்டு விசைகளிலேயே பாதி வேலை முடிந்துவிடும். பெரிய ஃபைல் திணறினால் பிராக்ஸியைப் போடுங்கள். எடிட் செய்யும்போது மட்டும் சின்ன நகல் ஓடும். முதல் கிளிப் எந்த அளவோ அதையே புராஜெக்ட்டின் அளவாக எடுத்துக்கொள்ளும் என்பதையும் கவனியுங்கள். நெட்டுக்குத்தாக எடுத்ததை முதலில் போட்டால் எல்லாம் அப்படியே ஆகிவிடும்.

ஒன்றை மட்டும் கட்டாயம் செய்யுங்கள். ஷாட்கட்டின் புராஜெக்ட் ஃபைலில் வீடியோ இருக்காது, அது எங்கே இருக்கிறது என்ற விவரம்தான் இருக்கும். பிறகு கிளிப்பை இடம் மாற்றினால் ஷாட்கட்டுக்கு அது கிடைக்காது. எல்லாக் கிளிப்பையும் ஒரே ஃபோல்டரில் போட்ட பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

முதல் தடவை ஆச்சி பேசாமல் இருந்த இடங்களையெல்லாம் வெட்டியிருந்தேன். போன தீபாவளிக்கு அந்தப் புராஜெக்ட்டை மறுபடி திறந்து, எண்ணெய் சத்தத்தோடு அவள் சும்மா நிற்கும் அரை நிமிடத்தைத் திரும்பச் சேர்த்தேன்.