“அடக்கி வைக்கணும் மேடம்” என்று சொல்லி 9,000 ரூபாய் வாங்கிய நாய்ப் பயிற்சியாளர்

பெங்களூர் அல்சூர் பக்கம் நாய் வளர்ப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்.

எங்கள் ரோசி நான்கு வயது லாப்ரடார், கருத்தடை ஆபரேஷன் ஆன பெண் நாய். திடீரென்று தலையணை, மாமியார் கால் என்று எதைப் பார்த்தாலும் கட்டிப்பிடித்து ஏற ஆரம்பித்தாள். விருந்தாளி முன்னால் மானம் போகிறதே என்று பாத்ரூமில் அடைத்தோம். டாக்டரிடம் சொல்லவே கூச்சம். அதனால் தெரிந்தவர் சொன்ன ஒரு பயிற்சியாளரைக் கூப்பிட்டோம்.

ஐந்து நிமிடம் பார்த்தார். “இது வீட்டுக்கே தலைவி ஆகப் பார்க்குது. அடக்கி வைக்கணும் மேடம். பத்து கிளாஸ், பணம் முழுசா முன்னாடியே” என்றார். ஒன்றுக்கு ஒழுங்காகப் போகிறாளா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கழுத்துச் சங்கிலியை இறுக்கி, மல்லாக்கத் தள்ளி, முட்டியால் நெஞ்சை அழுத்தினார். மூன்றாம் நாள் அவர் பைக் சத்தம் கேட்டதுமே ரோசி நின்ற இடத்தில் ஒன்றுக்குப் போய்விட்டாள். அன்றோடு நிறுத்திவிட்டேன். ஏறுவது மட்டும் முன்பைவிட அதிகமாகியிருந்தது.

அப்புறம்தான் கவனித்தேன். வாக்கிங்கில் பத்தடிக்கு ஒருமுறை உட்கார்ந்து சொட்டுச் சொட்டாகப் போகிறாள், ஓயாமல் அந்த இடத்தை நக்குகிறாள். ஹெப்பால் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். பரிசோதனையில் சிறுநீர்த் தொற்று. மருந்து முடிந்ததும் ஏறுவது முக்கால்வாசி நின்றுவிட்டது.

பெண் நாயும் ஏறும், ஆபரேஷன் ஆன நாயும் ஏறும் என்று டாக்டர் சொன்னார். எல்லா நேரமும் அது காமம் இல்லை. உற்சாகம் தாங்காமலும் பதற்றத்திலும் வரும். தோல் அரிப்பாலும் வரும். ஆண் நாய்க்கு ஆபரேஷன் செய்தால் பெரும்பாலும் குறையும், ஆனால் பழக்கமாகிவிட்டால் அதன்பிறகும் தொடரலாம். கத்தினால், அடித்தால் பதற்றம்தான் கூடும்.

ரோசிக்கு மிச்சமிருப்பது ஆள் வரும்போது வருகிற உற்சாகம். பெல் அடித்தால் முதலில் வாரை மாட்டி, பாயில் உட்காரச் சொல்லி, ஒரு கேரட் துண்டு கொடுக்கிறேன். ஏற வந்தால் பேசாமல் விலகிவிட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பந்தைக் காட்டுகிறேன். மாமியார்கூட இப்போது அப்படித்தான் செய்கிறார்.

நாய் புதிதாக ஏற ஆரம்பித்தால் முதல் செலவு டாக்டருக்கு இருக்கட்டும். ‘அடக்கணும்’ என்று சொல்லி முன்பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

மீதி ஏழு கிளாஸ் பணத்தைக் கேட்டேன். “உங்க நாய் ஒத்துழைக்கல” என்றார். 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி நாயை இப்படி வதைப்பது குற்றம், வீடியோ என்னிடம் இருக்கிறது என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். பார்த்துவிட்டார், இன்னும் பதில் இல்லை.