எட்டு மாத ஜிமேட் அனுபவம்: டைமரோடு பழகிய கதை

எம்பிஏ போன்ற மேலாண்மைப் படிப்புகளில் சேர எழுதும் ஜிமேட் தேர்வுக்கு எட்டு மாதம் தயாரானேன். இரண்டு முறை எழுதினேன். முதல் முறை 585, இரண்டாவது முறை 655. இரண்டுக்கும் நடுவில் புதிதாகப் படித்த பாடம் மிகக் குறைவு. மாறியதெல்லாம் நேரத்தைச் செலவழித்த விதம்தான்.

2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தைத்தான் சொல்கிறேன். மூன்று பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம். குவான்டில் (கணக்கு) 21 கேள்வி, வெர்பலில் (ஆங்கில வாசிப்பும் தர்க்கமும்) 23, டேட்டா இன்சைட்ஸில் (அட்டவணை, வரைபடம் போன்ற தரவுகளை ஆராய்வது) 20. மொத்த ஸ்கோர் 205-லிருந்து 805 வரை, எப்போதும் 5-இல் முடியும். மூன்று பகுதிகளுக்கும் சம எடை.

முதல் தேர்வில் குவான்டின் ஒன்பதாவது கேள்வி இன்னும் நினைவில் இருக்கிறது. இரண்டு குழாய்கள் சேர்ந்து தொட்டியை நிரப்புகின்றன, நடுவில் ஒன்றை மூடிவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்த வகைக் கணக்குதான். போட்டேன், வந்த விடை ஐந்து தெரிவுகளிலும் இல்லை. எங்கோ கூட்டலில் தவறு என்று மறுபடி முதலிலிருந்து போட்டேன். ஐந்தரை நிமிடம் போய்விட்டது. அதன்பின் ஒவ்வொரு கேள்வியையும் அவசரமாகப் படித்தேன், தெரிந்ததையும் தவறவிட்டேன். 19-வது கேள்வியைப் படித்துக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்து திரை மாறியது. 20, 21 எப்படி இருந்தன என்றே தெரியாது.

விடையளிக்காமல் விட்ட கேள்விக்கு இந்தத் தேர்வில் தண்டனை உண்டு. அதனால் கடைசியில் தோராயமாக ஒன்றைத் தொட்டுவிட்டாவது முடித்திருக்க வேண்டும். சுத்தமாகத் தெரியாத கேள்வியை விடுவது சுலபம். பாதி தெரிந்த கேள்விதான் ஆளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, இதோ வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று. ஒரு கேள்விக்கு விடை தந்தால்தான் அடுத்தது வரும் என்பதால், விடை தராமல் தள்ளிவைத்துவிட்டுப் பிறகு பார்க்கவும் வழியில்லை.

அப்புறம் செய்தது இதுதான். குவான்டின் 21 கேள்வியை ஏழு ஏழாகப் பிரித்தேன். ஏழு முடிந்தால் டைமரில் 30 நிமிடம் மிச்சம் இருக்க வேண்டும், பதினான்கு முடிந்தால் 15. இடையில் டைமரைப் பார்ப்பதில்லை. கேள்விக்குக் கேள்வி பார்த்தால் மனம் கணக்கில் நிற்காது. இரண்டு நிமிடம் ஆகியும் வழி பிடிபடாவிட்டால் இருப்பதில் நல்லதாகத் தெரியும் விடையைத் தேர்ந்துவிட்டு, பிறகு திரும்பிப் பார்க்க அடையாளமாக புக்மார்க் போட்டு நகர்ந்துவிடுவேன். இது கைக்குப் பழகவே ஆறு வாரம் ஆனது.

புக்மார்க் உண்மையிலேயே உதவுகிறது. பகுதியின் எல்லாக் கேள்விகளையும் முடித்தபின் நேரம் இருந்தால் திரும்பிப் போய் மூன்று விடைகள் வரை மாற்றலாம். ஆனால் இதை நம்பி நேரம் மிச்சம் பிடிக்க வேகமாக ஓடக் கூடாது. நான் ஒரு மாதிரித் தேர்வில் அப்படி ஓடி, எளிய கேள்விகளில் வழுக்கினேன். இது அடாப்டிவ் தேர்வு. நீங்கள் பதில் சொல்லும் விதத்தைப் பார்த்து அடுத்த கேள்வியின் கடினம் மாறும். எளிதானதில் சறுக்குவது ஸ்கோரை நன்றாகவே இழுக்கும்.

டேட்டா இன்சைட்ஸ்தான் எனக்குக் கடைசி வரை சிரமம். சராசரியாக ஒரு கேள்விக்கு இரண்டே கால் நிமிடம் என்று பார்த்தால் தாராளம் போலத் தோன்றும். இரண்டு மூன்று டேப்களில் மின்னஞ்சலும் அட்டவணையுமாக ஒரு தொகுப்பு வந்தால் படிக்கவே மூன்று நிமிடம் ஆகிவிடுகிறது. பல பாகமுள்ள கேள்வியில் ஒரு பாகம் தவறினாலும் முழுக் கேள்வியும் போச்சு. இங்கே மட்டும் கால்குலேட்டர் உண்டு. நான் அதைப் பெரும்பாலும் தொடுவதில்லை, தோராயமாகக் கணக்கிடுவதே வேகம்.

பயிற்சிக்கு அதிகாரபூர்வ மாதிரித் தேர்வுகளையே நம்பினேன், அவற்றில் இரண்டு இலவசம். வேறோர் இடத்தில் வாங்கிய தேர்வுகளில் ஒரு வாரம் 665, அடுத்த வாரம் 595 என்று வந்தது. அந்த ஸ்கோரைப் பார்த்துக் கலங்கிய நாட்கள் வீண். கேள்விகளைப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொண்டேன்.

இரண்டாம் முறை குவான்டில் பதினான்காவது கேள்வியை முடித்தபோது டைமரில் 14 நிமிடம் 40 விநாடி. அன்று இரண்டு கேள்விகளைத் தெரிந்தேதான் தோராய விடையோடு விட்டிருந்தேன்.