திருச்சியில் குழந்தைப்பேறு சிகிச்சை: டொரண்டோவிலிருந்து வந்து பார்த்தது

ஒன்டாரியோவில் 43 வயதுக்குள் இருக்கும் பெண்ணுக்கு, வாழ்நாளில் ஒருமுறை ஐவிஎஃப் (முட்டையை வெளியே எடுத்து, ஆய்வகத்தில் கருவாக்கி, கருப்பையில் வைக்கும் சிகிச்சை) செய்துகொள்ள அரசே பணம் தருகிறது. மருந்துச் செலவு நம்முடையது. அந்த ஒருமுறை செய்தும் எங்களுக்குக் கரு தங்கவில்லை. இனி முழுச் செலவும் நாங்களே என்றானபோது, அம்மா வீடு இருக்கும் திருச்சிக்கே போய்விடலாம் என்று கிளம்பினோம். இதே யோசனையில் இருக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன்.

வைத்தியத்தில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. கருமுட்டை வளர்ச்சி ஸ்கேன் காலையிலேயே முடிந்துவிடும், ரத்த ரிப்போர்ட் மாலைக்குள் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். முட்டை முதிர்வதற்கான கடைசி ஊசியை, சொன்ன நேரத்துக்குப் போட்டாக வேண்டும். சுமார் 36 மணி நேரத்தில் முட்டையை எடுப்பார்கள். ஓய்வுபெற்ற நர்ஸ் அக்கா ஒருவர் ராத்திரி வீட்டுக்கே வந்து போட்டுவிட்டார். டொரண்டோவில் குளியலறையில் தனியாக நின்று வயிற்றைப் பிடித்து நானே குத்திக்கொள்வேன். இங்கே அவர் "மூச்சை இழுத்து விடும்மா" என்று சொன்னதுமே அழுதுவிட்டேன்.

சங்கடமெல்லாம் காத்திருக்கும் ஹாலில்தான். கரு வைத்து இரண்டு வாரம் கழித்து எடுக்கிற ரத்தப் பரிசோதனையின் முடிவை மேசையிலிருந்தே சத்தமாகச் சொன்னார்கள்: "உங்களுக்கு நெகட்டிவ்மா, பீரியட் வந்ததும் வாங்க." அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்திலிருந்த மணப்பாறை அக்காதான் என்னை வெளியே கூட்டிப்போய் உட்கார வைத்தார்.

அவருக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். "ஏதாச்சும் விசேஷம் உண்டா?" என்ற கேள்விக்குப் பயந்தே சொந்தக்காரர் வீடுகளுக்குப் போவதில்லையாம். நாத்தனார் வளைகாப்பில் வளையல் தட்டு இவரைத் தாண்டி அடுத்தவர் கைக்குப் போயிருக்கிறது. பிள்ளை வரம் வேண்டிப் போகும் திருக்கருகாவூர் அம்மன் கோயிலில் நெய்யால் படி மெழுகிக் கோலம் போட்டு, பிரசாத நெய்யை 48 நாள் சாப்பிட்டவர். முன்பு பார்த்த இடத்தில் லேப்ராஸ்கோபி (வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா விட்டுப் பார்ப்பது) வரை செய்திருக்கிறார்கள். வீட்டுக்காரருக்கு விந்தணுப் பரிசோதனை மட்டும் எடுக்கவே இல்லை. மாமியார் ஒத்துக்கொள்ளவில்லையாம். இரண்டிலிருந்து ஏழு நாள் உறவில்லாமல் இருந்து ஒரு மாதிரி கொடுத்தால் முடிகிற சோதனை அது! அதைக் கேட்டு வாங்காமல் ஒரு பெண்ணின் வயிற்றில் கத்தி வைத்த டாக்டரை நினைத்தால் இப்போதும் கொதிக்கிறது.

ஊருக்குச் சிகிச்சைக்கு வருகிறவர்கள் ஐவிஎஃப் போன்ற சிகிச்சைகளை ஒழுங்குபடுத்தும், இந்தியாவின் 2021-ஆம் ஆண்டு ஏஆர்டி சட்டத்தைத் தெரிந்துகொண்டு வாருங்கள். மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். வெற்றி வாய்ப்பு, செலவு, பக்கவிளைவு, இரட்டைக் கரு தங்கும் ஆபத்து எல்லாவற்றையும் தம்பதிக்கு விளக்கி ஆலோசனை தருவது மையத்தின் கடமை. எனக்குக் கிடைத்தது ஒரு பேக்கேஜ் விலைத்தாள். நம் விவரங்களை ரகசியமாகக் காப்பதும் அதே சட்டம் சொல்கிற கடமைதான். இன்னொன்று, உறைய வைத்த கருக்களை நினைத்தபடி வெளிநாட்டுக்கு எடுத்துப் போக முடியாது. சொந்த உபயோகத்துக்கே ஆனாலும் அந்தச் சட்டம் சொல்கிற தேசிய வாரியத்தின் அனுமதி வேண்டும். என் கருக்களும் திருச்சியில்தான் இருக்கின்றன, அதனால் திரும்ப வந்துதான் ஆக வேண்டும்.

ஒவ்வொரு மையத்திலும் குறைதீர்ப்புப் பிரிவு இருக்க வேண்டும் என்பதும் சட்டம். அதைச் சொல்லி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். அடுத்த முறை போனபோது என்னை மட்டும் உள் அறைக்குக் கூப்பிட்டுப் பேசினார்கள். மணப்பாறை அக்காவுக்கு அன்றும் மேசையிலிருந்தே குரல். சரி என்று விட மனசு வரவில்லை. எல்லோருக்கும் அந்த அறையிலேயே சொல்லுங்கள் என்று இன்னொரு கடிதம் எழுதினேன். அதில் அக்காவும் கையெழுத்துப் போட்டார்.