வெங்காயத் தோலா, மெழுகா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ஈஸ்டருக்கு முட்டை அலங்கரிப்பவர்களுக்கு என் ஓட்டு வெங்காயத் தோலுக்குத்தான். செலவே இல்லை, சாப்பாட்டுக் கடையில் கேட்டால் தோலைப் பை நிறையத் தருவார்கள். முருங்கை இலையோ, செம்பனைத் தோட்டத்து ஓரம் முளைக்கும் தொட்டாற்சிணுங்கி இலையோ, நனைத்து முட்டைமேல் ஒட்டி, பழைய நைலான் காலுறைத் துண்டால் இறுக்கிக் கட்டுங்கள். தோலோடு கொஞ்சம் வினிகர் விட்டு வேகவைத்தால் செம்பழுப்பு ஏறும். இலை இருந்த இடம் மட்டும் வெளிறி நிற்கும். கட்டு தளர்ந்தால் சாயம் புகுந்து விளிம்பு கலங்கிவிடும், அவ்வளவுதான். அப்புறம் உரித்துச் சாப்பிடலாம்.

மெழுகு வழி உக்ரைனின் பிசான்கா. 2024இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கலை. வேகவைக்காத முட்டையில் தேன்மெழுகால் கோடு போட்டுச் சாயத்தில் முக்கி, மறுபடி கோடு போட்டு முக்கி, மஞ்சள், சிவப்பு, கறுப்பு என அடர்நிறத்துக்குப் போக வேண்டும். கடைசியில் சுடரருகே காட்டி மெழுகைத் துடைத்தால் மறைந்திருந்த நிறமெல்லாம் வெளிவரும். மெழுகால் கோலமிட்டுச் சாயமேற்றும் பாத்தேக் துணியில் சாந்திங் (மெழுகு ஊற்றி வரையும் கருவி) பிடித்தவர்களுக்கு இது புதிதல்ல. அழகில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை, சரி. ஆனால் ரசாயனச் சாயம் என்றால் சாப்பிட முடியாது. பிள்ளைகள் கையில் சூடான மெழுகும் கொடுக்க முடியாது. பழுப்பு ஓட்டில் மஞ்சள் எடுபடாது, வெளிறிய வாத்து முட்டையாகப் பார்த்து வாங்குங்கள்.