ஏழு வருடமாக லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் டெம்ப்ளேட் போட்டுக் கொடுக்கும் ஒரு டிடிபி கடைக்காரரின் அனுபவம்

தொழில் கற்றது பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில். 2001-இல் வந்த 7.0 பதிப்போடு அடோபி அதை நிறுத்திவிட்டது; எந்தக் கணினியிலும் போனிலும் ஒரே மாதிரி படிக்க முடிகிற யூனிகோடு தமிழ் அதில் கடைசிவரை வரவில்லை. வாடிக்கையாளர்கள் எல்லாம் வாட்ஸ்அப்பில் யூனிகோடில் அனுப்ப ஆரம்பித்த பிறகு வேறு வழியில்லாமல் லிப்ரே ஆபிஸ் ரைட்டருக்கு, வேர்டு மாதிரியான இலவச மென்பொருளுக்கு, மாறினேன். ஏழு வருடம் ஆயிற்று. லெட்டர்பேட், கொட்டேஷன், சங்கத்து ஆண்டறிக்கை, கல்லூரிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் என்று இன்றைக்கு அறுபதுக்கு மேல் டெம்ப்ளேட், அதாவது விவரத்தை மட்டும் நிரப்பிக்கொள்ளும் மாதிரிக் கோப்பு, கடையில் இருக்கிறது.

முதல் வருடம் போட்டதை இப்போது திறந்து பார்த்தால் கூச்சமாக இருக்கிறது. நாலு ஃபாண்ட், சுற்றிலும் பூ பார்டர், உள்ளங்கை அளவு லோகோ. ஒரு சமையல் கான்ட்ராக்டருக்கு அப்படி ஒரு கொட்டேஷன் செய்து கொடுத்தேன். என் கையில் இருந்தவரை அழகாகத்தான் இருந்தது. மூன்று மாதம் கழித்து அவர் பையன் நிரப்பிய பிரிண்டைக் கொண்டுவந்தார். தலைப்புக்கு மேல் ஐந்து என்டர், ரேட்டைத் தள்ளி வைக்க ஸ்பேஸ்பார், அரிசிக்கு ஒரு ஃபாண்ட், பருப்புக்கு ஒரு ஃபாண்ட். பையனைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஃபாண்ட், அளவு, இடைவெளி எல்லாவற்றையும் ஒரு பெயரில் சேமித்து வைப்பதுதான் ஸ்டைல். இடைவெளி எதையும் நான் அதில் வைக்கவில்லையே, அவன் எங்கே போவான்? டெம்ப்ளேட்டை மதிப்பிட வேண்டியது இன்னொருவர் நிரப்பிய பிறகுதான் என்று அன்றைக்குப் புரிந்தது.

அதன்பிறகு எஃப்11 அழுத்தி ஸ்டைல் பலகையைத் திறக்காமல் ஒரு வேலையும் தொடங்குவதில்லை. தலைப்பு, துணைத்தலைப்பு, உடல் எழுத்து, அட்டவணை என்று நாலைந்து ஸ்டைல் போதும். தலைப்புக்கு மேலே 18 புள்ளி (பாயிண்ட்) இடம், கீழே 6. இரண்டும் சமமாக இருந்தால் தலைப்பு யாருக்குச் சொந்தம் என்று தெரியாமல் நடுவில் தொங்கும். கீழே உள்ள பத்தியோடு ஒட்டியிருந்தால்தான் அது அந்தப் பத்தியின் தலைப்பு.

தமிழுக்கென்று இதில் ஒரு பெரிய குழி உண்டு. ஸ்டைலின் ஃபாண்ட் பக்கத்தில் மேற்கத்திய எழுத்துக்கு ஒரு பெட்டி, தமிழ், இந்தி மாதிரி எழுத்துகளுக்கு இன்னொரு பெட்டி. மேல் பெட்டியில் எத்தனை முறை ஃபாண்டை மாற்றினாலும் தமிழ் அசையாது. இது தெரியாமல் ஒரு வாரம் மென்பொருளைத் திட்டியிருக்கிறேன். தெரிந்த பிறகு அதுவே வசதி. ஒரே அளவில் வைத்தால் தமிழ் எழுத்து அகலமாக விழுந்து ஆங்கிலத்தை அமுக்கிவிடும். தமிழை 11, ஆங்கிலத்தை 12 என்று தனித்தனியாக வைத்தால் வரி சமனாகத் தெரிகிறது.

வரி இடைவெளியைத்தான் அதிகம் மாற்றிப் பார்த்திருக்கிறேன். 'கீ'யின் சுழி மேலே ஏறும், 'மூ'வின் கால் கீழே இறங்கும். ஆங்கிலத்துக்குப் போதுமான இடைவெளி தமிழுக்கு மூச்சு முட்டும். 11 புள்ளி 'நோட்டோ செரிஃப் தமிழ்' ஃபாண்டுக்கு வரி உயரம் நிலையான 17 புள்ளி வைக்கிறேன். 14-க்கு இறக்கிப் பார்த்தேன். திரையில் சுழியின் தலை வெட்டுப்பட்டது. நிலையான அளவில் இன்னொரு லாபமும் இருக்கிறது. எதிராளியின் கணினியில் என் ஃபாண்ட் இல்லாமல் விண்டோஸோடு வரும் நிர்மலா ஃபாண்ட் வந்து உட்கார்ந்தாலும் வரி உயரம் மாறாது. அகலம் மாறி ஒன்றிரண்டு வரி கூடலாம், நாலு பக்கம் ஆறாக வீங்காது.

இருபக்கமும் சமன் செய்வதை விட்டுவிட்டேன். 'தெரிவித்துக்கொள்கின்றோம்' போன்ற சொல் ஒன்று அடுத்த வரிக்குத் தாவினால் மேல் வரியில் பல் விழுந்த வாய்போல ஓட்டை. இடது ஓரம் நேராக, வலது ஓரம் அதன் போக்கில். சங்கத்துப் பெரியவர்கள் "ஓரம் கோணலா இருக்கே தம்பி" என்பார்கள். இரண்டு மாதிரியையும் அடித்துக் காட்டினால் பாதிப் பேர் ஒப்புக்கொள்வார்கள், மீதிப் பேருக்குச் சமன் செய்தே கொடுத்துவிடுவேன்.

சாய்வெழுத்து தமிழுக்கு வேண்டாம்; பெரும்பாலும் மென்பொருள் நேர் எழுத்தைப் பிடித்துச் சாய்த்துவிடுகிறது. நிறம் கறுப்போடு ஒன்றே ஒன்று. வெளிர் சாம்பல் திரையில் நாகரிகமாகத் தெரியும், ஜெராக்ஸ் எடுத்தால் காணாமல் போகும். நம் ஊரில் எந்தக் காகிதமும் ஜெராக்ஸுக்குப் போகாமல் இருப்பதில்லை. அட்டவணையில் ரேட் வரும் நெடுவரிசையை வலது பக்கம் ஒட்டி, எல்லாத் தொகைக்கும் பைசா இரண்டு இலக்கம் போட்டால் தசமப் புள்ளிகள் ஒரே கோட்டில் நிற்கும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். டெம்ப்ளேட்டைத் திருத்தினால், அதிலிருந்து பிறந்த கோப்பைத் திறக்கும்போது ஸ்டைலைப் புதுப்பிக்கவா என்று கேட்கும். அவசரத்தில் 'பழையதே இருக்கட்டும்' என்று அழுத்திவிட்டால் அந்தக் கோப்பு மறுபடி கேட்காது. வேர்டில் திறந்தால் ஃப்ரேமுக்குள் (பக்கத்தில் தனியாக மிதக்கும் பெட்டி) வைத்த முகவரிக் கட்டம் சில சமயம் இடம் பெயர்கிறது. அதனால் வேர்டுக்குப் போகும் கோப்பில் ஃப்ரேம் வைக்காமல் கோடில்லாத அட்டவணையில் முகவரியை அடைக்கிறேன். ஆஃப்செட் அச்சகத்துக்கு நாலு வண்ணத்தில் பிரித்துத் தர ரைட்டரால் ஆகாது. அதற்கு ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் பக்கம் போகவேண்டும். லேசர் பிரிண்டருக்கும் ஜெராக்ஸுக்கும் இது தாராளம்.

மிகவும் பிடித்த வசதி முதல் பக்க ஸ்டைல். லெட்டர்ஹெட் முதல் பக்கத்தில் மட்டும் வரும், எழுதிக்கொண்டே போனால் இரண்டாம் பக்கம் தானாகச் சாதாரணப் பக்கமாகிவிடும். பேஜ்மேக்கரில் இதற்கு மாஸ்டர் பக்கத்தோடு மல்லுக்கட்டிய நாட்கள் நினைவுக்கு வரும்.

அந்தச் சமையல் கான்ட்ராக்டருக்கு அப்புறம் புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். ஒரே ஃபாண்ட், பார்டர் இல்லை, இடது ஓரம் 30 மில்லிமீட்டர் விட்டு எல்லாம் ஒரே கோட்டில். பார்த்துவிட்டு, "எல்லாம் சரி தம்பி, பிள்ளையார் சுழி எங்கே?" என்றார். அதையும் இடது ஓரத்தில் வைத்துக் காட்டினேன். முகம் சுளித்தார். மேலே 8 மில்லிமீட்டர் ஒதுக்கி, அதற்கென்று தனி ஸ்டைல் செய்து, நடுவில் வைத்தேன். அவர் பையன் இன்றும் அதில்தான் ரேட் போடுகிறான். சுழி இம்மி நகரவில்லை.